கன்னியர் மடத்திலிருந்து கம்பஸ் வரை: எமது கரையோரத்தின் உயர்கல்வியும் கத்தோலிக்க விழுமியங்களும்

எமது கரையோரத்திலே கத்தோலிக்கத் திருச்சபை நிறுவிய பல்கலைக்கழகம் எதுவும் இல்லை. பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனத் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒரே பிரதான வீதியில் வேலிக்கு வேலி ஒட்டிக் கிடக்கும் நிலம் இது. தெற்கே ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகமும் வடக்கே வந்தாறுமூலையில் ஒரு பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இரண்டும் அரசினுடையவை. கத்தோலிக்கரோ இங்கு எண்ணிக்கையில் மிகச் சிறிய சமூகத்தினர். ஆகவே உயர்கல்வியில் கத்தோலிக்க விசுவாசத்தின் பங்கு என்று மலர்க்குழுவினர் தலைப்புத் தந்தபோது, இதில் எழுத என்ன இருக்கிறது என்றே முதலில் யோசித்தோம்.

பின்னர் எம்முடன் உயர்தரம் படித்துப் பல்கலைக்கழகம் சென்றவர்களின் பெயர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தோம். மருத்துவர், விரிவுரையாளர், கணக்காளர், ஆசிரிய ஆலோசகர் என்று தாள் நிறைந்தது. அதில் கத்தோலிக்கர் மூன்றே மூன்று பேர். மற்றவர்கள் சைவரும் முஸ்லிம்களும். இரண்டு பேர் மெதடிஸ்தர்.

கன்னியாஸ்திரிகள் தம் வாழ்நாளைக் கொடுத்து நடத்திய பாடசாலை, தம் சமயத்தவர் அல்லாத பிள்ளைகளையே அதிகமாகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருக்கிறது. இது அவர்களுடைய வெற்றியா, தோல்வியா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே இதை எழுதுகின்றோம். பாடசாலையின் சொந்த வரலாற்றை மூத்த சகோதரிகள் இம்மலரின் வேறு பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். அதை இங்கே திரும்பச் சொல்லவில்லை.

கதை எமது பாட்டிமார் பிறக்கும் முன்னரே தொடங்குகிறது. 1893 இல் திருகோணமலை மறைமாவட்டம் உருவாக்கப்பட்டு, சிறிது காலத்தில் பிரான்சிலிருந்து வந்த யேசுசபைத் துறவிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. கல்முனையும் அதன் எல்லைக்குள் இருந்தது. மட்டக்களப்பில் 1873 இல் தொடங்கப்பட்டிருந்த புனித மிக்கேல் கல்லூரியை அவர்கள் கையேற்று வளர்த்தார்கள். அந்நாளில் இலங்கையில் பல்கலைக்கழகம் கிடையாது. கேம்பிறிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறி, வேலை செய்துகொண்டே இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைக்குப் படிப்பதுதான் கப்பல் ஏற வசதியில்லாத பிள்ளைக்கு இருந்த வழி.

அந்த வழியில் நடந்தவர்களில் எமக்கு மிக அருகில் பிறந்தவர் காரைதீவு மயில்வாகனம். 1892 இல் பிறந்த அவர் கல்முனையில் மெதடிஸ்த மிஷன் பாடசாலையிற் படித்து, பின்பு புனித மிக்கேலுக்குப் போய், 1908 இல் கேம்பிறிட்ஜ் சீனியர் தேறினார். படித்த கல்லூரியிலேயே ஆசிரியருமானார். பிற்பாடு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். அதுவும் கத்தோலிக்கக் கல்லூரியே. இலண்டன் பீ.எஸ்ஸி. பட்டம் பெற்றார். 1924 இல் துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தர் ஆனார். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்துக்கும் முதலாவது தமிழ்ப் பேராசிரியர் அவரே. காரைதீவுப் பிள்ளைகளுக்கு இது மனப்பாடம். அவர் கடந்துவந்த வாசல்களில் இரண்டு கத்தோலிக்கருடையவை என்பதை மட்டும் நாம் அதிகம் பேசுவதில்லை.

யேசுசபைத் துறவிகள் ஒரு சைவ இளைஞனிடம் தம் வகுப்பறையை ஒப்படைத்தார்கள். அவரும் சைவராகவே போய், சைவராகவே வெளியே வந்தார். இதை வைத்து மிஷனரிப் பாடசாலைகளில் மதமாற்றமே நடக்கவில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. அது நடந்தது. விபுலாநந்த அடிகளே பின்னாளில் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை வளர்க்க அலைந்து பாடுபட்டதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம். ஆனால் அவர் தமது விஞ்ஞானத்தையும் ஒழுங்கையும் பெற்ற இடத்தைப் பகைக்கவில்லை. கற்பித்தவரும் கற்றவரும் தத்தம் கடவுளை விட்டுக்கொடுக்காமலே ஒருவரையொருவர் மதிக்கலாம் என்பதற்கு எமது மண்ணில் அதுதான் முதற் சாட்சி.

பெண் பிள்ளைகளின் வழி இதைவிட நீண்டது. இங்கே நாம் கடல் கடந்து கொஞ்சம் போகவேண்டும். 1823 இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் ஓர் ஆங்கிலிக்கன் போதகருக்குப் பிறந்த சோஃபி லீவ்ஸ் என்ற பெண், கத்தோலிக்கராகி, வெரோனிக்கா என்ற பெயரில் துறவியானார். கல்வி கற்பிப்பதற்கென்றே ஒரு கார்மேல் சபை வேண்டும் என்று அவர் 1868 இல் பிரான்சின் பயோன் நகரில் அப்போஸ்தலிக்க கார்மேல் சபையைத் தொடங்கினார். 1870 இல் அச்சபையினர் மங்களூருக்கு வந்தனர். அங்கே 1921 இல் மதர் அலோய்சியா, புனித ஆக்னஸ் கல்லூரியைப் பெண்களுக்கென்று திறந்தார். பட்டப் படிப்புக்கான கல்லூரி அது. கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியதும் அதே 1921 இல்தான். அந்த 1920களிலேயே, கஸ்தோன் றொபிஷே ஆண்டகையின் காலத்தில், கார்மேல் கன்னியர் எமது மறைமாவட்டத்துக்கு வந்து சேர்ந்தனர்.

இதன் பொருள் என்னவென்றால், எமது ஊர்களில் எட்டாம் வகுப்போடு பெண் பிள்ளையின் படிப்பு முடிந்துவிட்ட காலத்தில், பெண்களுக்குப் பட்டப்படிப்பு உண்டு என்பதை நிச்சயமாக நம்பிய ஒரு கூட்டம் இங்கு வந்தது. நம்பியது மட்டுமல்ல, தம் சகோதரிகளிலேயே அதைக் காட்டியது. எமக்கு முந்திய தலைமுறையினர் சொல்லக் கேட்டிருக்கிறோம்: பட்டதாரிப் பெண் என்றால் எப்படி இருப்பாள் என்பதை அவர்கள் முதன்முதலாகக் கண்டது ஒரு சிஸ்டரில்தானாம். தலையை மூடியிருந்தார், கலியாணம் முடிக்கவில்லை, கணக்குப் படிப்பித்தார், ஆண்களோடு நிமிர்ந்து பேசினார். அந்தத் தலைத்துணி முஸ்லிம் வீடுகளில் ஒரு தைரியத்தைக் கொடுத்தது என்றால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் மருதமுனையிலிருந்தும் கல்முனைக்குடியிலிருந்தும் எம்மிற் சிலரின் மூத்தம்மாமாரை வெள்ளைச் சட்டை போட்டு அனுப்ப அவர்களுடைய வாப்பாமார் சம்மதித்ததில் அதற்கும் பங்கிருந்தது. பாடசாலை முற்றத்துச் சுரூபத்தின் பெயர் பற்றிமா மாதா. போர்த்துக்கலில் உள்ள அந்த ஊரின் பெயரே அரபு மொழிப் பாத்திமாதான் என்று நாம் கம்பஸ் போன பிறகுதான் அறிந்தோம். மூத்தம்மாமார் அதை அறியாமலே "பாத்திமா மாதா" என்றுதான் சொன்னார்கள்.

சம்மதித்தவர்கள் சிலர்; தயங்கியவர்களே பலர். அந்தத் தயக்கத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமல்ல. பிள்ளை படித்து வரவேண்டும், ஆனால் பிள்ளையாகவே வரவேண்டும் என்று கேட்பதில் குற்றமில்லை. இந்தத் தயக்கத்துக்கு முதன்முதலில் ஒழுங்கான விடை தேடியவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். முதலாவது முஸ்லிம் சிவில் சேவை உத்தியோகத்தரான அவர் 1942 இல், யுத்த காலத்தில், உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். உணவு உற்பத்திக்காக வந்தவர் எமது ஊர்களின் கல்வி நிலையைக் கண்டார். விபுலாநந்த அடிகளின் நட்பும் இங்கேதான் அவருக்குக் கிடைத்தது. கல்முனையில் அவர் தொடங்கிய கல்விப் பணிதான் 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக விரிந்தது. ஏழை முஸ்லிம் மாணவர் பல்கலைக்கழகம் போவதற்கு அது கைகொடுத்தது. 1949 இல் கல்முனையில் ஸாஹிறாக் கல்லூரி வந்தது. 1971 இல் பெண் பிள்ளைகளுக்கென்றே மஹ்மூத் மகளிர் கல்லூரி வந்தது. அதன் பின் முஸ்லிம் பெண்கள் படிப்பதற்கு எமது பாடசாலைதான் வேண்டும் என்ற நிலை மாறியது. மாறியது நல்லதே. கன்னியர் மடத்தைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கற்றார்கள் என்று சொல்லி அவர்களுடைய உழைப்பை நாம் சிறிதாக்கக் கூடாது. ஆனால் சமயப் பற்றும் உயர்கல்வியும் ஒரு வீட்டில் சேர்ந்து குடியிருக்கலாம் என்பதை முதலில் செய்து காட்டியவர்கள் இருந்தார்கள் என்பதும் உண்மை.

கொழும்பில் இதே எண்ணம் பெரிய அளவில் நடந்தது. அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த பீற்றர் பிள்ளை அடிகளார், புனித சூசையப்பர் கல்லூரியின் அதிபராக இருந்து, 1954 இல் அக்குவைனாஸ் பல்கலைக்கழகக் கல்லூரியைத் தொடங்கினார். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காதவர்களும் பட்டம் பெற வழி வேண்டும் என்பதே நோக்கம். கல்லூரிக்குப் பெயர் தந்த புனித தோமஸ் அக்குவைனாஸ், 13 ஆம் நூற்றாண்டில் பாரிசில் இருந்துகொண்டு இப்னு சீனாவையும் இப்னு ருஷ்தையும் விழுந்து விழுந்து படித்தவர். ஏற்கவேண்டியதை ஏற்று, மறுக்கவேண்டியதை நியாயம் காட்டி மறுத்தவர். இப்னு சீனாவின் மருத்துவ நூல் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் 17 ஆம் நூற்றாண்டு வரை பாடநூலாக இருந்தது. மருத்துவ பீடத்தின் முதலாம் வருடத்தில் யாராவது இதை எமக்குச் சொல்லியிருந்தால் சற்று நெஞ்சை நிமிர்த்தி நடந்திருப்போம்.

பிறகு 1960 வந்தது. உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் சட்டம் அவ்வாண்டிலும், அதற்குத் துணையான சட்டம் 1961 இலும் நிறைவேறின. தெற்கிலே கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து குடியிருந்து எதிர்த்தனர். பம்பாயிலிருந்து கர்தினால் கிராசியஸ் வந்து சமாதானம் பேசும் அளவுக்கு நிலைமை முற்றியது. கடைசியில் பெரும்பாலான பாடசாலைகள் அரசிடம் சென்றன. தனித்து நிற்கத் துணிந்த சில, கட்டணம் அறவிடாமல் நடத்தவேண்டும் என்ற நிபந்தனையோடு நின்றன. அன்றைய கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத். 1971 இல் கல்முனையில் எழுந்த மகளிர் கல்லூரியும் அவருடைய பெயரையே தாங்குகிறது. ஒரே மனிதரை ஒரு சமூகம் பறித்தவர் என்றும் இன்னொரு சமூகம் கொடுத்தவர் என்றும் நினைக்கிறது. கல்முனையில் வளர்ந்தவர்களுக்கு இதை இரண்டு பக்கத்தாலும் பார்க்க முடியும், பார்க்கவும் வேண்டும்.

பொறுப்பேற்பின்பின் என்ன ஆயிற்று என்பதுதான் எமது கேள்விக்கு முக்கியமானது. நிலமும் கட்டடமும் நிர்வாகமும் போயின. சிஸ்டர்மார் போகவில்லை. அரசாங்கச் சம்பளம் பெறும் ஆசிரியைகளாக, இடமாற்றத்துக்கு உட்பட்டவர்களாக, அதே வகுப்பறைகளில் நின்றார்கள். யாரைச் சேர்ப்பது, யாரை நியமிப்பது என்ற அதிகாரம் எதுவும் அவர்களிடம் இல்லை. எஞ்சியது படிப்பித்தல் மட்டுமே. சரியாக அக்காலத்தில், 1965 ஒக்டோபர் 28 ஆம் திகதி, வத்திக்கான் இரண்டாம் பொதுச்சங்கம் ஒரே நாளில் வெளியிட்ட ஏடுகளில் இரண்டு எம்மைத் தொடுபவை. ஒன்று கிறிஸ்தவக் கல்வி பற்றியது. திறமை இருந்தும் வசதியில்லாத மாணவருக்கு உயர்கல்வியின் கதவைத் திறக்கும்படி அது கேட்கிறது. மற்றது ஏனைய சமயங்கள் பற்றியது. முஸ்லிம்களை மதிப்போடு நோக்கும்படியும், பழைய பகைகளை மறந்து சேர்ந்து உழைக்கும்படியும், அவர்களும் மரியாளை மதிக்கிறார்கள் என்றும் அது சொல்கிறது. உரோமையில் எழுதப்பட்டவை எமது வகுப்பறைக்கு வர நெடுநாள் எடுக்கவில்லை என்றே நினைக்கிறோம். ஏனெனில் நாம் கண்ட சிஸ்டர்மார் அப்படித்தான் இருந்தார்கள்.

ஒரு பாடத்தைச் சொன்னால் விளங்கும். நாம் உயர்தரம் படித்த 1990களில் விலங்கியலும் தாவரவியலும் தனித்தனிப் பாடங்கள். இனப்பெருக்கம் பற்றிய அலகு வந்தால் அந்நாளில் பல பாடசாலைகளில் "வீட்டில் வாசியுங்கள்" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டுவார்கள். எமது சிஸ்டர் புரட்டவில்லை. கரும்பலகை நிறையப் படம் கீறி, ஒவ்வொரு உறுப்பையும் அதன் பெயராலேயே சொல்லி, கேள்வி கேட்கச் சொல்லி நின்றார். நாம் தலை குனிந்திருந்தோம். இறைவன் படைத்ததைச் சொல்ல வெட்கப்படுபவர் நாளைக்கு நோயாளியின் முன்னால் என்ன செய்வார் என்ற கருத்துப்படத்தான் அவர் பேசினார். வார்த்தைகள் நினைவில்லை. அந்தக் கரும்பலகை நினைவிருக்கிறது.

கூர்ப்புக் கொள்கை அதைவிடக் கடினம். எம்மில் முஸ்லிம் பிள்ளைகளுக்கும் சைவப் பிள்ளைகளுக்கும் மட்டுமல்ல, கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கும் அது ஈமானை, விசுவாசத்தை அசைக்கும் பாடமாகவே பட்டது. ஒரு கன்னியாஸ்திரி டார்வினைப் படிப்பிக்கிறார் என்றால் அரைமனதோடு படிப்பிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் சான்றுகளை ஒன்றொன்றாக அடுக்கினார். சுவட்டெச்சங்கள் என்ன சொல்கின்றன, என்ன சொல்லவில்லை என்று பிரித்துக் காட்டினார். பரம்பரையியலுக்கு வந்ததும், பட்டாணிச் செடியை வைத்து அதைக் கண்டுபிடித்த மெண்டல் ஒரு துறவி என்பதைச் சற்றுப் பெருமையோடே சொன்னார். 1866 இல் அவர் வெளியிட்ட கட்டுரையை அவர் உயிரோடிருந்த காலத்தில் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை என்றும் சொன்னார். 1996 இல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், கூர்ப்பை வெறும் ஊகமாகக் கொள்ள முடியாது என்ற கருத்தில் பேசியதை அவர் வாசித்திருந்தார். உண்மைக்கு உண்மை பகையாகாது என்ற உறுதி அவரிடம் இருந்தது. அந்த உறுதி அவருடைய விசுவாசத்திலிருந்து வந்தது. எம்மில் ஒவ்வொருவரும் அந்த உறுதியை எமது எமது சமயத்துக்குள் கொண்டுபோனோம். பல்கலைக்கழகத்தில் சமயத்தைக் கைவிட்டவர்களையும், விஞ்ஞானத்தைப் பரீட்சைக்கு மட்டும் நம்பியவர்களையும் பின்னாளில் நிறையக் கண்டோம். எமது வகுப்பில் இரண்டு வகையும் குறைவு.

இதனால் திருச்சபை சொல்வதையெல்லாம் ஏற்றுக்கொண்டோம் என்று யாரும் நினைக்கவேண்டாம். 1968 இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் செயற்கைக் கருத்தடையை மறுத்து எழுதினார். மருத்துவர்களாக, ஐந்தாவது ஆறாவது பிள்ளையோடு இரத்தச்சோகையில் வாடி வரும் தாய்மாரிடம் நாம் குடும்பத் திட்டமிடல் பேசுகிறோம், பேசுவோம். இதை அந்த சிஸ்டரிடமே ஒருமுறை சொன்னோம். அவர் உடன்படவில்லை. தேநீர் ஊற்றித் தந்து, அந்தத் தாய்மாரைப் பற்றி மேலும் விசாரித்தார்.

1990 ஐப் பற்றி எழுதாமல் இக்கட்டுரையை முடிக்க மனம் வரவில்லை. நாம் அப்போது கீழ்ப்பிரிவு மாணவிகள். ஜூன் மாதத்தில் கல்முனையில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஓகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடியில் பள்ளிவாசல்களுக்குள் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். 11 ஆம் திகதி இரவு ஏறாவூரில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். பிரதான வீதியில் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போக முடியவில்லை. யூஜின் ஜோன் ஹேபர்ட் அடிகளார் அப்போது மட்டக்களப்பில் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவகத்தை நடத்திக்கொண்டிருந்தார். அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்து 1948 இல் இங்கு வந்த யேசுசபைத் துறவி அவர். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் கூடைப்பந்தாட்டம் ஆடிய ஆண்களைக் கேட்டால் அவரைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். பல்கலைக்கழகம் போகாத பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்பிப்பதும், காணாமற் போனவர்களுக்காகச் சமாதானக் குழுவில் நின்று அலைவதும் அவர் வேலையாக இருந்தன. ஓகஸ்ட் 15 ஆம் திகதி, மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்புகையில் ஏறாவூர்ப் பக்கத்தில் அவர் காணாமற் போனார். அவரோடு வந்த தமிழ் இளைஞரும் காணாமற் போனார். இருவரும் திரும்பவேயில்லை.

அதே 1990 ஓகஸ்ட் 15 ஆம் திகதியிட்டு உரோமையில் ஒரு சாசனம் வெளியாயிற்று. கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் எப்படி இருக்கவேண்டும் என்பதைப் பற்றி இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் எழுதியது அது. 'திருச்சபையின் இதயத்திலிருந்து' என்பது அதன் தொடக்கச் சொற்களின் பொருள். பல வருடங்களுக்குப் பின்பு அதை வாசித்தபோதுதான் திகதியைக் கவனித்தோம், வாசிப்பதை நிறுத்திவிட்டோம். மறுநாள்தான் மீதியை வாசித்தோம். பயனை எதிர்பாராமல் உண்மையைத் தேடுதல், மனச்சாட்சிச் சுதந்திரம், அறிவு மனிதருக்குத் தொண்டு செய்தல் என்று அதில் உள்ளவை எமக்குப் பழக்கமானவையாக இருந்தன. ஒரு விதி மட்டும் உறுத்தியது. கத்தோலிக்கரல்லாத ஆசிரியர்கள் பெரும்பான்மையாகிவிட விடக்கூடாது என்று அது சொல்கிறது. நிறுவனத்தின் தன்மையைக் காப்பதற்கான விதி என்பது விளங்குகிறது. ஆனால் எமது பாடசாலை அந்த விதியில் என்றோ தோற்றுவிட்டது. சைவ ஆசிரியைகளும் மௌலவி ஆசிரியர்களும் அங்கே பெரும்பான்மை. அப்படியிருந்தும் சாசனம் விரும்பிய காரியம் அங்கே நடந்தது.

கம்பஸ் போனதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அம்பாறை, வாய்ப்புக் குறைந்த மாவட்டங்களின் பட்டியலில் இருப்பது. எம்மிற் பலர் மாவட்ட அடிப்படையிலேதான் தெரிவானோம். கொழும்புப் பிள்ளைகள் அதைச் சொல்லிக் காட்டியதும் உண்டு. வெட்கப்பட்டு ஒளிக்க அதில் ஒன்றுமில்லை. கன்னியர் மடம் எம்மைத் தயார் செய்தது, இலவசக் கல்வியும் கோட்டாவும் கதவைத் திறந்தன. ஒன்று இல்லாமல் மற்றது போதியிராது. 1998 இல் பகிடிவதைத் தடைச்சட்டம் வந்த பிறகும் விடுதிகளில் அது குறைந்ததாக இல்லை. எமது பாடசாலையிலிருந்து போனவர்கள் தாம் பட்டதைப் புதியவர்களுக்குச் செய்வதில்லை என்று தமக்குள் பேசி வைத்துக்கொண்டனர். அதற்காகச் சக மாணவர்களால் ஒதுக்கவும் பட்டனர். சமய வகுப்பில் படித்ததைப் பரீட்சைத்தாளுக்கு வெளியே எழுதவேண்டிய முதலாவது இடம் எமக்கு அதுதான்.

இன்று கல்முனையில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. ஒன்று வடக்கு, மற்றது அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை. முச்சக்கரவண்டியில் சில நிமிடத் தூரம். ஒன்றைத் தமிழர்களுடையது என்றும் மற்றதை முஸ்லிம்களுடையது என்றும் சனம் பேசும். இரண்டிலும் எமது பழைய மாணவியர் வேலை செய்கிறார்கள். இரத்தம் போதாவிட்டால், ஒரு நிபுணர் விடுமுறையில் இருந்தால், நள்ளிரவில் தொலைபேசி எடுத்து "அடியே" என்று கூப்பிட ஒரு ஆள் அந்தப் பக்கம் இருக்கிறாள். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தபோதும் எமக்குள் முதலில் போன அழைப்புகள் இந்த வகையானவையே. அந்தப் பழக்கம் மருத்துவ பீடத்தில் கற்றதல்ல. ஒரே வாங்கில் நெருங்கி இருந்து, ஒரே பாடக்கொப்பியைப் பிரதி பண்ணிய காலத்தில் வந்தது.

ஆரம்பத்தில் சொன்ன தாளுக்குத் திரும்புகின்றோம். மூன்று கத்தோலிக்கர். பழைய மாணவியர் சங்கம் நூற்றாண்டை முன்னிட்டு, பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் மாணவியருக்காக ஒரு நிதியைத் தொடங்கப்போகிறது. விடுதிக் கட்டணம், புத்தகம், மடிக்கணினி ஆகியவற்றுக்கு உதவுவதே எண்ணம். கடந்த கூட்டத்தில், இது கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு முதலிடம் தரவேண்டும் என்று சில சகோதரிகள் கேட்டார்கள். அவர்கள் கேட்டதை நாம் இலேசாகத் தள்ளவில்லை. முஸ்லிம் பிள்ளைகளுக்கு 1945 இலிருந்தே ஒரு நிதி இருந்தது. சைவப் பிள்ளைகளுக்குக் கோயில்களும் மன்றங்களும் வெளிநாட்டு உறவுகளும் இருக்கின்றன. கடலை நம்பி வாழும் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? யாருக்காக மடம் கட்டப்பட்டதோ அவர்களே பின்தங்கினார்கள் என்பதை எமது தாளே சொல்கிறது. இதற்கு எம்மிடம் சுலபமான பதில் இல்லை.

ஆயினும் நாம் அதற்கு எதிராகவே கை உயர்த்தினோம். அந்த சிஸ்டர்மாரில் ஒருவராவது விலங்கியல் வகுப்புக்குள் வரும்போது எமது சமயத்தைப் பார்த்து வந்ததில்லை. அவர்கள் பெயரால் திரட்டும் பணத்தை நாம் அப்படிப் பிரித்தால், அவர்கள் விசுவாசத்திலிருந்து நாம் பெற்றதை அவர்கள் விசுவாசத்தின் பெயராலேயே இழப்போம். குடும்ப வருமானத்தை மட்டும் பார்த்துக் கொடுத்தால், கடற்கரை வீதியிலுள்ள அந்தக் கத்தோலிக்க வீடுகளுக்குத்தான் முதலில் போகும் என்பது எமது கணக்கு. அந்தப் பிள்ளைகள் விண்ணப்பிக்கும் கட்டம் வரை வந்து சேர, சாதாரண தரத்திலேயே விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் மாலை வகுப்பு வேண்டும் என்பதையும் அதே கூட்டத்தில் சொன்னோம். அதற்கு முன்வந்தவர்கள் இதுவரை நான்கு பேர்: இரண்டு முஸ்லிம் சகோதரிகள், ஒரு சைவச் சகோதரி, ஓய்வு பெற்று மட்டக்களப்பில் இருக்கும் எமது விலங்கியல் சிஸ்டர். அவருக்கு இப்போது பார்வை குறைவு. படம் கீற யாராவது பக்கத்தில் இருக்கவேண்டும் என்றார்.

விண்ணப்பப் படிவத்தின் முதல் வரைவு செயலாளரிடம் இருக்கிறது. சமயம் என்ற கூடு அதில் இப்போது இல்லை. வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் அது இறுதியாக முடிவாகும். கொழும்பிலும் கனடாவிலும் கட்டாரிலும் இருந்து இதை வாசிக்கும் சகோதரிகள், கூட்டத்துக்கு வர முடியாவிட்டாலும் தமது கருத்தை எழுதி அனுப்பினால் நாம் அங்கே வாசிப்போம், எமக்கு எதிரானதாக இருந்தாலும்.